ஊர்ப் பெயர்

'ங்க' வந்துவிட்டது. மூன்று நாட்களாக வராமல் இருந்து, கடைசியில் மியூசியத்துக் கேட்டுக்கு முன்னால், கெண்டைக்கால் அளவு மழைத்தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோது வந்துவிட்டது. "சிரிச்சு முடிச்சுட்டீங்களா? போலாங்களா?" என்றார் அவர். குரலில் ஒரு கீறல் இல்லை. கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்த வாட்ச்மேனுக்கு, பெண்டாட்டியிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற மனுஷனும் உண்டா என்றுதான் தோன்றியிருக்கும். கலாமணிக்கு அடிவயிறு இறுகிக் கல்லாகிவிட்டது. அப்படி என்ன சிரித்துவிட்டாள்? "லீவும்மா. புயல் கரை ஏறுற வரைக்கும் எல்லாம் க்ளோஸு," என்ற வாட்ச்மேன் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கறதெல்லாம் செத்ததுதாம்மா, எங்கயும் ஓடிடாது. அடுத்த வருஷம் வந்தாலும் அப்படியேதான் இருக்கும்," என்றார். அதற்குத்தான் சிரித்தாள். மூக்கு வழியாக, தும்மல் மாதிரி ஒன்று. அவள் சிரிக்கவில்லை, மூன்று நாள் மழைதான் உள்ளே புகுந்து அப்படி வெளியே வந்தது என்று சொன்னால் நம்புவாரா? முதல் நாள் கடல் மூடியிருந்தது. இரண்டாம் நாள் மிருகக்காட்சி சாலை. நேற்று புடவைக் கடைகள் இருக்கிற தெரு முழுக்க ஷட்டர். ஒவ்வொரு மூடிய கேட்டின் முன்னாலும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள். கடலுக்கு முன்னால் "நாளைக்குப் பார்த்துக்கலாம் விடு, அம்மணி" என்றார். மிருகக்காட்சி சாலையில் கேட்டை ஓர் உதை உதைத்தார். நேற்று ஆட்டோக்காரனைத் திட்டினார். கோபம் கேட்டின் மேலும் ஆட்டோக்காரன் மேலும் விழுகிறவரை அவளுக்கு நிம்மதி. இன்று அது வந்து உட்கார இடம் பார்த்து அலைந்துகொண்டிருந்தது, அவள் போய் நடுவில் சிரித்து வைத்தாள்.

அவர்கள் ஊரான பெருந்துறைப் பக்கம் எல்லாரும் எல்லாருக்கும் 'ங்க' போடுவார்கள். கடைக்காரருக்கு ங்க, கண்டக்டருக்கு ங்க, குழாயடியில் குடத்தைத் தூக்கி அடிக்க வரும்போதுகூட "உங்க வாய மூடுங்க" என்பார்கள். புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் போடமாட்டான். அவள் அவருக்குப் போட வேண்டும், அவர் அவளுக்கு நீ, வா, போ. மனசு நன்றாக இருந்தால் அம்மணி. கல்யாணமாகி மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம், "கொஞ்சம் உள்ள வாங்க" என்று அவர் கூப்பிட்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. ஏதோ விளையாட்டு என்று நினைத்தாள். புதுப் பெண்டாட்டி, இருபத்திரண்டு வயசு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தபடி உள்ளே போனாள். அவர் தாழ்ப்பாளைப் போட்டார். டிவி சத்தத்தைக் கூட்டினார். "இப்படி வந்து நில்லுங்க," என்றார். பொடனியில், பின்கழுத்தில் விழுந்த முதல் அடி அவளுக்கு வலிக்கவில்லை. பரணிலிருந்து ஏதோ விழுந்துவிட்டது என்று நிமிர்ந்து பார்த்தாள். பரணில் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. அப்படி நிமிர்ந்து பார்த்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்கு அவமானமாக இருக்கிறது, அடியை நினைத்தால் இல்லை. அதற்குப் பிறகு பதினோரு வருஷத்தில் எத்தனையோ முறை. என்ன காரணம், எந்தக் கிழமை என்பதெல்லாம் கலைந்துவிட்டன. வரிசை மட்டும் மாறவில்லை. முதலில் ங்க, அப்புறம் தாழ்ப்பாள், அப்புறம் டிவி. வெளியாட்கள் முன்னால் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. மோட்டார் காயில் கட்டுகிற கை அது. முடி கனச் செம்புக் கம்பியை ஒரு சுற்றுக்கூடப் பிசகாமல் எண்ணி எண்ணிச் சுற்றுகிற கை. பெருந்துறையில் அவர் கட்டிய மோட்டார் புகைந்தது என்று ஒருவர் வந்து நின்றதில்லை. எங்கே அடித்தால் வெளியே தெரியாது என்பதும் அந்தக் கைக்குத் தெரியும்.

இப்போது அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். குடை ஒன்றுதான், அவர் கையில். அவள் லாட்ஜில் கொடுத்த பிளாஸ்டிக் பையைக் கிழித்துத் தலையில் போட்டிருந்தாள், காற்று அதை வாயின் மேல் அப்பிவிட்டு அப்பிவிட்டு எடுத்தது. மூச்சு முட்டுகிற மாதிரி ஆக்கிவிட்டு விட்டுவிடுவது, இந்த மழைக்கும் அது தெரிந்திருக்கிறது. ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. வந்த ஒன்றும் தண்ணீரை வாரி இடுப்புவரை அடித்துவிட்டுப் போயிற்று. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ங்க வந்த பிறகு திரும்பிப் பார்க்க மாட்டார், அவள் பின்னால் வருகிறாள் என்பது தெரியும். எங்கே போய்விடுவாள், இந்த ஊரில்? லாட்ஜுக்கு இன்னும் ஐந்து தெரு. முதல் மாடி, கடைசி அறை. கதவில் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு தாழ்ப்பாள். வந்த அன்றைக்கே பார்த்து வைத்துவிட்டாள், புது வீட்டில் சாமி மூலை எது என்று பார்க்கிற மாதிரி. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சந்து இருக்கிறது, அங்கே மாட்டக் கூடாது. குளியலறைக் கதவுக்குக் கொக்கி இல்லை. டிவி இருக்கிறது, ஆனால் நேற்றிலிருந்து கரண்ட் இல்லை, அப்படியானால் டிவிக்குப் பதில் என்ன செய்வார்? மழைச் சத்தம் போதும் என்று விட்டுவிடுவாரோ? நடந்துகொண்டே இடது காதுத் தோட்டைக் கழற்றினாள். திருகாணி ஈரத்தில் வழுக்கியது. வலதையும் கழற்றிப் பர்ஸுக்குள் போட்டாள். ஒரு தடவை காது மடல் கிழிந்து தையல் போட்டதிலிருந்து இது பழக்கம். பஸ்ஸில் இறங்குகிற இடம் நெருங்கினால் பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி. கைவிரல் தன் பாட்டுக்குச் செய்தது. செய்து முடித்த பிறகுதான், அடி வாங்குவதற்கு நானே தயார் பண்ணிக்கொண்டு போகிறேன் என்று அவளுக்கு உறைத்தது. உறைத்தும் கால் நிற்கவில்லை.

பர்ஸுக்குப் பக்கத்தில் காலி பாட்டில் இடித்தது. கடல் தண்ணீர் பிடிக்க. "கடல் தண்ணி நெசமாலுமே உப்பாம்மா? கொண்டா, நான் குடிச்சுப் பார்த்தாத்தான் நம்புவன்," என்று மௌனிகா கொடுத்து அனுப்பியது. ஏழு வயசு. இப்போது வெள்ளகோவிலில், கலாமணியின் அம்மா ஊரில் இருக்கிறது. முதல் நாள் கடற்கரையில் தடுப்பு போட்டுப் போலீஸ் நின்றது. காற்றுக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை, கடல் இருக்கிற திசையில் ஒரு வெள்ளை இரைச்சல் மட்டும். அதுவும் வலது காதில்தான் கேட்டது. இடது காதில் ஆகஸ்ட் மாசத்திலிருந்து வேறு சத்தம், அவர் கடையில் மோட்டாரை ஓட்டிப் பார்க்கிறபோது வருமே, ங்ங்ங் என்று, அது. மழை, பஸ், மனுஷர், எல்லாம் அவளுக்கு வலது பக்கம்தான் இருக்கின்றன, இடது பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக் கடல் என்று கொடுத்துவிட்டால் குழந்தைக்குத் தெரியவா போகிறது? தெரியாது. ஆனால் அந்தக் குழந்தைக்கு ஒரு தடவை தப்பாகச் சொல்லிக்கொடுத்ததில்தானே இந்தக் காது போயிற்று.

அவள் இந்த ஊரின் பெயரைச் சொல்வதில்லை. மெட்ராஸ் என்றுதான் சொல்வாள். வந்த அன்றைக்கு லாட்ஜ்காரர் "சென்னைக்கு மொத தடவையா?" என்று கேட்டதற்கு "ஆமாங்க, மெட்ராஸுக்கு இப்பத்தான் வர்றமுங்க" என்றாள், அவர் ஏதோ பழைய காலத்து மனுஷியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஊர்ப் பெயரின் முன்பாதிதான் அவள் புருஷன் பெயரின் முன்பாதியும். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது, அதன் சாயல் இருக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது என்று கல்யாணமான வாரமே மாமியார் சொல்லிவிட்டார். அவருக்குப் பெயர் கொடுத்த முருகன் இருக்கிற மலையை வெறும் 'மலை' என்பாள். டிவிச் செய்தியில் வருகிற ஊரை மெட்ராஸ் என்பாள். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் கார்டை நீட்டுவாள். நாக்கு தானாக வளைந்து போகிற அளவுக்குப் பழகிவிட்டது, கல்லைச் சுற்றிப் போகிற தண்ணீர் மாதிரி. ஆகஸ்டில் மௌனிகாவின் பரீட்சைத் தாளில் 'நமது மாநிலத்தின் தலைநகரம்' என்று போட்டுக் கோடிட்டிருந்த இடத்தில் குழந்தை மெட்ராஸ் என்று எழுதியிருந்தது. டீச்சர் சிவப்பு மையில் சுழித்து, பெற்றோர் கவனிக்கவும் என்று எழுதிவிட்டார். "யார் சொல்லிக் குடுத்தது?" என்று வீட்டில் அதைப் பார்த்த அவள் புருஷன் கேட்டார். "அம்மா," என்றது குழந்தை. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பாப்பா, வெளிய போய் விளையாடு," என்றார். பிறகு, "நீங்க உள்ள வாங்க."

"நம்ம தலைநகரம் எதுங்க? சொல்லுங்க பார்க்கலாம்." அவருக்குத் தெரியும். அவள் ஏன் சொல்வதில்லை என்று தெரியாத ஆளா? அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறவரே அவர்தானே. சரியாகச் சொன்னால் அவர் பெயரை வாயில் எடுத்த குற்றம், சொல்லாவிட்டால் படிப்பறிவில்லாத குற்றம். "மெட்ராஸுங்க," என்றாள். அடி. "மறுபடி சொல்லுங்க." "மெட்ராஸுங்க." அடி. டிவியில் ஒருத்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான்காவது தடவை அவளுக்கு உள்ளே என்னவோ பிடிவாதம் வந்துவிட்டது, இனி அவர் கழுத்தை நெரித்தாலும் வேறு பெயர் வராது. "மெட்ராஸுங்க." ஐந்தாவது அடி உள்ளங்கை குழிந்து காதின் மேல் முழுதாக மூடி விழுந்தது. அப்புறம் மோட்டார் ஓட ஆரம்பித்தது. இன்னும் நிற்கவில்லை.

அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனான். இரண்டு மாசம் கழித்து, பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினார்கள். அவர் பாயில் அமர்ந்து தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தானுங்க மச்சான். அவளுக்கு அந்த ஊரையே கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வந்தர்றன். கடலு, மியூசியம், எல்லாம்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிரச்சினை தீர்ந்துவிட்ட சிரிப்பு. குழந்தை மட்டும் பாட்டி ஊரிலேயே இருக்கட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டான். ரயில் ஏற்றிவிட வந்தபோது அவள் பக்கமாக வந்து, "ஈரோட்டுல எறங்குனா ரண்டு பஸ்ஸு நிக்கும், ஒண்ணு பெருந்துறை, ஒண்ணு வெள்ளகோவில். நீ எதுல ஏறறயோ அதுதான் உம்பட முடிவுன்னு வெச்சுக்கறன். நான் ஒண்ணும் கேக்கமாட்டன், கலா," என்றான். அம்மாவோ, "மூணு நாளைக்குக் கை நீட்டலைன்னா மனுசன் திருந்திட்டாருன்னு அர்த்தங் கண்ணு. குழந்தையக் கூட்டிட்டு நல்லபடியாப் போயிரு," என்றாள். மூன்று நாள் தாண்டி, இது நாலாவது நாள். இன்று ராத்திரி ரயில். பெருந்துறை பஸ்ஸில்தான் ஏறப்போகிறேன் என்று காலையில் இட்லி சாப்பிடும்போதுகூட நினைத்தாள். அவர் தன் இலையிலிருந்த வடையைப் பிட்டு அவள் இலையில் வைத்தார். அந்த அரை வடைக்காக அவள் எதை எதையெல்லாம் மன்னிக்கத் தயாராக இருந்தாள்! இன்னும் ஐந்தாறு மணி நேரம்தான் பாக்கி இருந்தது. ஒரு சிரிப்பு. மூக்கு வழியாக.

வேப்பமரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது, வேர் மண்ணோடு பிய்ந்து, ஈறோடு பிடுங்கின பல் மாதிரி. அவர் கிளையைத் தாண்டிப் போனார். இந்த மரம் இப்போது விழுந்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றுவது இது முதல் தடவை இல்லை, பதினோரு வருஷத்தில் அவரை அவள் எத்தனை விதமாகக் கொன்றிருக்கிறாள். லாரியில், கிணற்றில், நெஞ்சு வலியில். தன் கையால் இல்லை, எப்போதும் ஏதாவது ஒன்று தானாக வந்து செய்துவிட்டுப் போகும், அவள் சுவரோரம் நின்று பார்ப்பாள். இப்போது மேலே தலைகீழாகத் தொங்குகிற விளம்பரத் தட்டி கழன்று குடைக்கு நேராக இறங்கும். குடை மடங்கும். அப்புறம்? இந்த ஊரில் யாருக்குச் சொல்வது? போலீஸ் வருவான். நோட்டுப் புத்தகத்தை எடுப்பான். பேரு என்னம்மா என்பான். அவள் பேசாமல் நிற்பாள். புருஷன் பேருகூடத் தெரியாதா என்பான். செத்துக்கிடக்கிற மனுஷனுடைய பெயரைச் சொல்லலாமா கூடாதா, மாமியார் அதைச் சொல்லித்தரவில்லையே. பேப்பர் குடுங்க எழுதித் தர்றன் என்பாள். மழையில் மை கரைந்து ஓடும். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு ஊசி முனையில் நூல் பிரிந்த மாதிரி நுழையாமல் நின்றுகொண்டது. மறுபடி தட்டியைக் கழற்றினாள், மறுபடி குடை மடங்கியது, மறுபடி போலீஸ்காரன் பேரு என்னம்மா என்றான். நினைப்பில்கூட அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வரவில்லை.

லாட்ஜ் தெருவுக்குத் திரும்புகிற முக்கில் தண்ணீர் கறுப்பாக, அகலமாக நின்றது. அவர் முப்பது அடி முன்னால் இருந்தார். அவளுக்கு வலது பக்கம் ஒரு டீக்கடை, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்து, உள்ளே அடுப்பு வெளிச்சம். "அக்கா! யக்கா!" என்று ஒரு குரல். கைலியை மடித்துக் கட்டிய, நரைத்த மீசைக்காரர் ஒருவர் குனிந்து ஷட்டருக்கு வெளியே தலையை நீட்டினார். "அந்தாண்ட போவாத! வூட்டுக்குத்தான் கரண்ட்டு இல்ல, அந்த முக்குல தண்ணில கீது. காத்தால ரெண்டு நாய் காலி. போன் பண்ணிக்கினே கீறோம், ஒருத்தனும் வர்ல."

பார்த்தாள். சாலை முக்கில் கரண்ட் பெட்டி சாய்ந்து நின்றது, கதவு திறந்து. அதன் காலடியில் தண்ணீரில் பழுப்பாக ஒன்று, இன்னொன்று. கால்கள் நாலும் விறைத்து நீட்டிக்கொண்டு, பொம்மையைச் சாய்த்து வைத்த மாதிரி. தண்ணிக்குள்ள கரண்ட்டு இருந்தா கண்ணுக்குத் தெரியாது, கை வச்ச பொறகு சொல்ல வாய் இருக்காது என்று அவர்தான் சொல்லியிருக்கிறார், கடையில், மனசு நன்றாக இருந்த ஒரு நாள். அவர் போய்க்கொண்டிருந்தார். குடையை முகத்துக்கு முன்னால் சாய்த்துப் பிடித்திருந்தார், நாய் அவருக்குத் தெரியாது, பெட்டி தெரியாது. பெட்டிக்கு இன்னும் இருபது அடி இருக்குமா? பதினெட்டு. ரப்பர் செருப்பு போட்டிருக்கிறார், அது காப்பாற்றுமா? முழங்காலுக்குத் தண்ணீர் இருந்தால் செருப்பு என்ன செய்யும். இதோ, தானாக வந்துவிட்டது. லாரி இல்லை, கிணறு இல்லை. அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா நின்றால் போதும், சும்மா நிற்பதில் அவளுக்கு என்ன கஷ்டம், பதினோரு வருஷமாகச் சும்மாதானே நிற்கிறாள். கதவு இல்லை, இரண்டு தாழ்ப்பாள் இல்லை, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சந்து இல்லை. பதினைந்து அடி. அரை வடை. காலையில் அந்தக் கை அரை வடையைப் பிட்டு வைத்தது. மௌனிகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. இடது காதில் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் செத்துவிட்டால் இது நிற்குமா? நிற்காது. அவர் செத்தாலும் இது ஓடும். அது தெரிந்த கணத்தில் அவள் வாய் திறந்துகொண்டது.

"ஏனுங்க!"

மழை அதை அப்படியே விழுங்கிவிட்டது. "ஏனுங்க! ஏனுங்கோ!" அவர் தோள் லேசாக அசைந்தது போல இருந்தது. கேட்டிருக்கும். கேட்டும் திரும்பமாட்டார். "யோவ்! குடை!" என்று கத்தினார் டீக்கடைக்காரர். "நில்லுய்யா!" ஊரில் குடை பிடித்தவர்கள் எத்தனை பேர். "யக்கா, உன் வூட்டுக்காரரு பேரு இன்னா? சொல்லு, நான் கூப்புட்றேன். அட, பேரச் சொல்லுக்கா!"

"பேரு..." என்றாள். நாக்கு கல்லைச் சுற்றிக்கொண்டு போயிற்று. மலை. முருகன். மெட்ராஸ். "பேரு வந்துங்க..."

"இன்னாக்கா, புருசன் பேரு மறந்துபூட்ச்சா?"

பத்து அடி. குடை ஆடிக்கொண்டே போயிற்று. வாய்க்குள் அந்தச் சொல் எங்கேயோ கிடந்தது, ஒரு நாளும் திறக்காத டப்பாவுக்குள் இருக்கிற மாதிரி. அதை இழுத்தபோது தொண்டை கிழிகிற மாதிரி இருந்தது. இழுத்தாள். அது வந்தபோது கூடவே வேறொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது.

"டேய், சென்னியப்பா!"

மழைக்கு நடுவில் அது தகரத்தில் கல் விழுந்த மாதிரி விழுந்தது. எதிர் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. அவன் நின்றான். தூக்கிய கால் தூக்கியபடியே ஒரு கணம் இருந்தது, பிறகு பின்னால் ஊன்றினான். திரும்பினான். குடையைத் தாழ்த்தி அவளைப் பார்த்தான், அவளைப் பார்க்கிற மாதிரியே இல்லை, அவளுக்குள் புகுந்துகொண்டு பேசியது யார் என்று தேடுகிற மாதிரி. வந்த வழியே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நடந்து வந்தான். அவன் வர வர அவளுக்கு முகம் தெளிவாகத் தெரிந்தது, மூக்கு நுனியில் மழைத்துளி, ஒரு நாள் தாடி. சின்ன முகம். இவ்வளவு சின்ன முகமா?

"என்னங்க சொன்னீங்க?" என்றான்.

"தண்ணியில கரண்ட்டு," என்றாள். "நாய் செத்துக் கெடக்குது, பாரு."

பாரு என்றுதான் சொன்னாள். பாருங்க என்று திருத்த நேரம் இருந்தது, திருத்தவில்லை. அவன் நாயைப் பார்க்கவில்லை. குடையை இடது கைக்கு மாற்றினான். கதவு இல்லை, டிவி இல்லை, தெருவுக்கு நடுவில், ஜன்னலில் ஆள் நிற்க, அடித்தான். வலது பக்கம். அவள் டீக்கடை ஷட்டரில் போய் மோதினாள், ஷட்டர் கடகடவென்று தெரு முழுக்கச் சொல்லிற்று. பல் உதட்டில் குத்தி வாய் நிறைந்தது. உப்பு. தலையிலிருந்த பிளாஸ்டிக் பை தண்ணீரில் மிதந்து போயிற்று. அடி எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் அவள் நிமிர்ந்து பரணைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். எங்கே அடித்தால் தெரியாது என்று தெரிந்த கை, இன்றைக்கு வெளியே தெரிகிற இடத்தில் அடித்துவிட்டு, தானே மிரண்டுபோய்க் காற்றில் நின்றது.

"யோவ், இன்னாயா நீ!" டீக்கடைக்காரர் ஷட்டரை மேலே தள்ளிவிட்டு வெளியே வந்தார், கையில் கரண்டியோடு. "அது இல்லாங்காட்டி இந்நேரம் நாயோட நாயா மெதந்துகினு இருப்ப. உன் உசுரக் காப்பாத்துன பொம்பளைய அடிக்கிற?"

அவன் திரும்பிப் பார்த்தான். பெட்டி. திறந்த கதவு. நாலு காலும் நீட்டிய பழுப்பு. பார்த்துக்கொண்டே இருந்தான். "எனக்குத் தெரியாதுங்களா?" என்றான் டீக்கடைக்காரரிடம். "நான் மோட்டார் காயில் கட்டறவனுங்க. கரண்ட்டப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கறீங்களா? நான் சுத்திக்கிட்டுத்தான் போயிருப்பன்." அவனுடைய கீழ் உதடு தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவளிடம், மெதுவாக, ஜன்னலில் இருக்கிறவர்களுக்குக் கேட்காத குரலில், "வாங்க. ரூமுக்குப் போலாம்," என்றான்.

ங்க. அவள் காத்திருந்தாள். அடிவயிறு கல்லாகவில்லை. அந்த ஒற்றை எழுத்துக்குள் என்ன இருந்தது என்று திறந்து பார்த்துவிட்ட மாதிரி இருந்தது, காலி டப்பா. பர்ஸைத் திறந்து தோட்டை எடுத்தாள். திருகாணி முதல் தடவை மாட்டவில்லை. இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருக்க, அவசரப்படாமல் இடதை மாட்டினாள், வலதை மாட்டினாள். வாயிலிருந்ததைத் தண்ணீரில் துப்பினாள். அது சிவப்பாக ஒரு முழம் ஓடிக் கறுப்பில் கலந்தது.

"வாங்கன்னு சொன்னனுங்க," என்றான் அவன்.

அவள் டீக்கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க," என்றாள். உதடு வீங்கிக்கொண்டு வந்ததில் சொல் தடித்து வந்தது, ஆனாலும் ஓர் எழுத்துக்கூட விடாமல் சொன்னாள். "இங்கிருந்து சென்னை சென்ட்ரலுக்கு எந்தப் பக்கமுங்க போகோணும்?"